ஓபிடியில் வேலையா? முதல் சம்பளச் சீட்டில் ஃபைகா வரியைப் பாருங்கள்

2023 ஜூலையில் என் முதல் அமெரிக்க வேலை. ஆண்டுக்கு 80,000 டாலர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 3,076.92. முதல் சம்பளச் சீட்டை லாண்ட்ரி அறையில் துணி சுற்றி முடிவதற்காகக் காத்திருந்தபோது போனில் திறந்தேன். ஃபெடரல் வரி, அதற்குக் கீழே ஓஏஎஸ்டிஐ 190.77, மெடிகேர் 44.62. ஓஏஎஸ்டிஐ என்றால் என்ன என்று கூகுளில் தேடக்கூடத் தோன்றவில்லை. கையில் வரும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

அடுத்த பிப்ரவரியில் வரித்தாக்கலுக்கு உட்கார்ந்தபோது அறைத்தோழனின் டபிள்யூ-2 படிவத்தில் (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளக் கணக்கு) சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தத்தைக் காட்டும் 4-ஆம் கட்டமும் 6-ஆம் கட்டமும் காலியாக இருந்தன. என்னுடையதில் இரண்டிலும் எண்கள். இருவரும் எஃப்-1 (மாணவர் விசா), இருவரும் ஓபிடி (எஃப்-1 மாணவர் படித்த துறையில் வேலை செய்யும் அனுமதி), ஒரே மாதத்தில் அமெரிக்கா வந்தவர்கள். அவனுக்குப் பிடிக்காத வரி எனக்கு மட்டும் ஏன்? அன்று ஆரம்பித்த அலைச்சல் முடிய ஒரு வருடம் ஆனது. நீங்கள் அலையக் கூடாது என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன். நான் கணக்காளர் இல்லை, மாட்டிக்கொண்டு கற்றுக்கொண்டவன்.

ஃபைகா என்பது சம்பளத்தில் பிடிக்கும் இரண்டு வரிகளுக்கான பொதுப்பெயர். சோஷியல் செக்யூரிட்டிக்கு (அரசு ஓய்வூதியத் திட்டம், சீட்டில் ஓஏஎஸ்டிஐ என்றும் வரும்) 6.2 சதவீதம், மெடிகேருக்கு (முதியோர் மருத்துவக் காப்பீடு) 1.45 சதவீதம், ஆக 7.65. உங்கள் கையிலிருந்து போவது போலவே கம்பெனியும் தன் பங்காக இன்னொரு 7.65 கட்டுகிறது. இந்த இரண்டாவது பாதியை மறக்காதீர்கள், 5-ஆம் படியில் உதவும்.

1. உங்கள் ஸ்டேட்டஸ் எது என்று உறுதி செய்யுங்கள்

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது நாட்டுக்குள் நுழைவதற்கான சீட்டு, அவ்வளவுதான். இப்போது எந்த ஸ்டேட்டஸில் இருக்கிறீர்கள் என்பதை ஐ-94 என்ற நுழைவுப் பதிவு சொல்லும். நாட்டுக்குள் இருந்தபடியே ஸ்டேட்டஸ் மாறியிருந்தால் ஐ-797 ஒப்புதல் கடிதத்தின் அடியில் வரும் புதிய ஐ-94 சொல்லும். விசா ஸ்டாம்ப் எஃப்-1 என்று இருக்க, ஆள் ஹெச்-1பியில் இருப்பது சர்வசாதாரணம்.

ஹெச்-1பி, எல்-1, ஓ-1 ஆகிய வேலை விசாக்களில் இருக்கும் எல்லாருக்கும் முதல் நாள் முதல் ஃபைகா உண்டு. ஹெச்-4, எல்-2, ஜே-2 ஆகியவற்றில் வேலை செய்யும் துணைவர்களுக்கும் உண்டு. கணவர் ஜே-1 (எக்ஸ்சேஞ்ச் விசா), அவருக்குப் பிடித்தம் இல்லை, அதனால் ஜே-2வில் இருக்கும் எனக்கும் இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. விலக்கு ஜே-1 ஆளுக்குத்தான், கூட வந்தவருக்கு இல்லை.

எஃப்-1, ஜே-1 இரண்டுக்கும் விலக்கு உண்டு, ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, நீங்கள் வரிக்கணக்கில் நான்ரெசிடென்ட்டாக, அதாவது அமெரிக்காவில் வசிப்பவராக வரிச் சட்டம் இன்னும் எண்ணாதவராக, இருக்க வேண்டும். இன்னொன்று, செய்யும் வேலை உங்கள் விசாவின் நோக்கத்துக்குள் அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கேம்பஸ் வேலை, சிபிடி (படிக்கும்போதே செய்யும் பயிற்சி வேலை), ஓபிடி, ஸ்டெம் ஓபிடி (அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கான ஓபிடி நீட்டிப்பு) எல்லாம் இதில் அடங்கும். அனுமதி இல்லாமல் செய்யும் வேலைக்கு விலக்கும் கிடையாது. அதில் வரியைவிடப் பெரிய பிரச்சினைகள் இருக்கின்றன.

பக்கத்து மேசை ஜெர்மன்காரர் அதே எல்-1இல் வந்து ஃபைகா கட்டாமல் இருக்கிறாரே என்று கேட்பீர்கள். ஜெர்மனி, ஜப்பான், பிரிட்டன், கனடா போன்ற நாடுகளோடு அமெரிக்காவுக்கு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. சொந்த நாட்டில் கட்டுகிறேன் என்று சான்றிதழ் காட்டினால் இங்கே விட்டுவிடுவார்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றோடும் அப்படி ஒப்பந்தம் இல்லை. ஊரில் பிஎஃப் பிடிக்கிறார்கள் என்று எவ்வளவு சொன்னாலும் இங்கே எடுபடாது.

2. வருடங்களை விரல்விட்டு எண்ணுங்கள்

எல்லாரும் தப்பு செய்யும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எஃப்-1 மாணவர், ஜே-1 மாணவர் இருவருக்கும் ஐந்து காலண்டர் ஆண்டுகள்வரை அமெரிக்காவில் இருந்த நாட்கள் ரெசிடென்ட் ஆவதற்கான கணக்கில் வராது. அதனால் நான்ரெசிடென்ட்டாகவே இருப்பீர்கள். இதை வந்த தேதியிலிருந்து ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வருடத்தில் ஒரே ஒரு நாள் இருந்தாலும் அது முழு ஆண்டாகக் கணக்கு. நான் 2021 ஆகஸ்டில் வந்தேன். என் ஐந்து ஆண்டுகள் 2021, 2022, 2023, 2024, 2025. எஃப்-1இலேயே தொடர்ந்திருந்தால் 2026 ஜனவரி 1-ஆம் தேதியே கதை மாறியிருக்கும், 2026 ஆகஸ்டில் இல்லை.

ஸ்பிரிங் செமஸ்டருக்கு டிசம்பர் 28-ஆம் தேதி வந்து இறங்கியவர் அந்த நான்கு நாளுக்காக ஒரு வருடத்தை இழக்கிறார். டிக்கெட் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போட வாய்ப்பிருந்தால், ஓரியன்டேஷன் தேதியும் இடம் கொடுத்தால், ஜனவரியில் வாருங்கள். கடைசி வருட ஓபிடி சம்பளத்தில் 7.65 சதவீதம் என்பது டிக்கெட் விலையைவிடப் பல மடங்கு.

இளங்கலையே அமெரிக்காவில் படித்தவர்களுக்கு இது இன்னும் இறுக்கம். நான் வந்த அதே 2021 ஆகஸ்டில் இளங்கலைக்கு வந்தவர் 2025 மே மாதம் முடித்து ஜூலையில் ஓபிடி வேலைக்குச் சேர்ந்தால், விலக்கு அந்த டிசம்பர்வரைதான். ஆறு மாதம்! ஸ்டெம் ஓபிடி 24 மாதம் கையில் இருக்கிறது, ஆனால் ஃபைகா விலக்கு அதோடு சேர்ந்து வராது.

பழைய வருகைகளும் சேரும். எப்போதோ ஜே-1 எக்ஸ்சேஞ்சில் ஒரு செமஸ்டர் வந்துபோயிருந்தால் அந்த ஆண்டையும் ஐந்தில் கழித்துக்கொள்ளுங்கள். போஸ்ட்டாக் போன்ற ஜே-1 ஆராய்ச்சியாளருக்கும் ஆசிரியருக்கும் கணக்கு வேறு: முந்தைய 6 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் ஏற்கனவே இப்படி விலக்கில் கழிந்திருந்தால் இந்த ஆண்டு நாட்கள் எண்ணப்படும். இங்கே முதுகலை படித்துவிட்டு, உடனே ஜே-1 போஸ்ட்டாக் ஆகிறவருக்கு முதல் நாளே விலக்கு இல்லாமல் போகலாம்.

ஐந்து ஆண்டு முடிந்தபின் 183 நாள் சோதனை. இந்த ஆண்டு இருந்த நாட்கள் முழுதாக, போன ஆண்டு நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு, எல்லாம் கூட்டி 183-ஐத் தொட்டால், அதில் இந்த ஆண்டு 31 நாளாவது இருந்தால், நீங்கள் ரெசிடென்ட். எஃப்-1இல் கழிந்த விலக்கு ஆண்டுகளின் நாட்கள் பூஜ்யம் என்பதால், ஆறாவது ஆண்டில் அந்த ஆண்டின் நாட்கள் மட்டும்தான் எண்ணப்படும். ஏப்ரலில் ஊருக்கே திரும்பிவிட்டால் 183 வராது, அந்த ஆண்டும் நான்ரெசிடென்ட்தான். வருடம் முழுக்க இருக்கப் போகிறீர்கள் என்றால் ஜனவரி முதல் சம்பளத்திலிருந்தே பிடித்தம் தொடங்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு வேண்டிய ஆவணங்கள்: எல்லாப் பழைய பாஸ்போர்ட்டுகள், எஃப்-1 தகுதிப் படிவமான ஐ-20 அல்லது ஜே-1 தகுதிப் படிவமான டிஎஸ்-2019 எல்லாப் பிரதிகளும், ஐ-94 இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பயணப் பட்டியல். அந்தப் பட்டியலில் சில பயணங்கள் விடுபட்டிருக்கும், பாஸ்போர்ட் முத்திரைகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

3. சேரும் வாரத்திலேயே பேரோலிடம் (சம்பளப் பிரிவு) சொல்லுங்கள்

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால் முதலில் அது. ஓபிடிக்கான ஐ-765 படிவத்திலேயே எண்ணும் வேண்டும் என்று கேட்க ஒரு பகுதி இருக்கிறது. அதை விட்டுவிட்டவர்கள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட், ஐ-94, ஐ-20, வேலை அனுமதி அட்டை நான்கும் அசலாகக் கொண்டுபோங்கள். கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது பணம் கேட்டால் ஏமாற்று. கார்டு தபாலில் வர இரண்டு வாரம் ஆகலாம், அதற்காக வேலையில் சேர்வதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அடுத்தது டபிள்யூ-4, சம்பளத்தில் எவ்வளவு வருமான வரி பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் படிவம். சாதாரண அமெரிக்கர் நிரப்புவது போல நிரப்பாதீர்கள். நான்ரெசிடென்ட் என்றால், கல்யாணம் ஆகியிருந்தாலும் சிங்கிள் என்ற கட்டத்தைத்தான் டிக் செய்ய வேண்டும். 4(சி) வரிக்குக் கீழே இருக்கும் இடத்தில் என்ஆர்ஏ என்ற மூன்று எழுத்தை எழுத வேண்டும். எக்ஸெம்ப்ட் என்று எழுதக் கூடாது. இங்கே பேசும் விலக்கு ஃபைகாவுக்குத்தான், வருமான வரிக்கு இல்லை. நோட்டீஸ் 1392 என்ற ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தாளில் இது எல்லாம் இருக்கிறது. அதிலேயே ஒரு நல்ல செய்தியும் உண்டு: நான்ரெசிடென்ட்டுகளின் வருமான வரிப் பிடித்தத்தைக் கணக்கிடும்போது சம்பளத்தோடு ஒரு கற்பனைத் தொகையைக் கூட்டுவார்கள், இந்திய மாணவர்களுக்கு மட்டும் அதைக் கூட்டத் தேவையில்லை.

இப்போதெல்லாம் இது பேப்பரில் வருவதில்லை. பேரோல் மென்பொருள் நான்கு திரைகளைக் காட்டும், நீங்கள் அடுத்து, அடுத்து என்று தட்டுவீர்கள். நான் தட்டினேன். அதில் நான்ரெசிடென்ட் ஏலியனா என்ற கேள்வி ஒரு ஓரத்தில் இருந்தது, இல்லை என்பது முன்கூட்டியே தேர்வாகியிருந்தது. ஐ-9 படிவத்தில் எஃப்-1 விவரங்களைக் கொடுத்துவிட்டோமே, அவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். தெரியாது. ஐ-9 வேலை அனுமதிக்கு, பேரோல் வரிக்கு. இரண்டும் ஒரே கம்பெனிக்குள் இருந்தாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

அதனால் மென்பொருளை நம்பாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நான்கு விஷயம் போதும்: நான் எஃப்-1 ஓபிடியில் இருக்கிறேன், முதன்முதலில் எஃப் அல்லது ஜே ஸ்டேட்டஸில் வந்த ஆண்டு இது, வரிக்கணக்கில் இந்த ஆண்டு நான்ரெசிடென்ட், வரிச் சட்டப் பிரிவு 3121(பி)(19)-இன்படி எனக்கும் கம்பெனிக்கும் ஃபைகா கிடையாது. கூடவே ஐஆர்எஸ் பப்ளிகேஷன் 519-இன் பெயரைச் சொல்லுங்கள். ஐ-20, ஐ-94, வேலை அனுமதி அட்டை மூன்றின் நகலையும் இணையுங்கள். சட்டப் பிரிவு எண்ணைப் போட்டால் பதில் வரும் வேகமே வேறு.

4. முதல் சம்பளச் சீட்டை வரி வரியாகப் படியுங்கள்

தேட வேண்டிய வார்த்தைகள்: ஃபைகா, ஓஏஎஸ்டிஐ, சோஷியல் செக்யூரிட்டி, எஸ்எஸ், மெடிகேர், மெட். ஒவ்வொரு பேரோல் நிறுவனமும் ஒவ்வொரு சுருக்கம் வைத்திருக்கும். விலக்கு உள்ளவருக்கு இந்த வரிகளில் பூஜ்யம் இருக்க வேண்டும் அல்லது வரியே இருக்கக் கூடாது.

ஃபெடரல் வருமான வரி பிடித்திருப்பார்கள், அது சரிதான். மாநில வரி நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. டெக்சஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சியில் உண்டு.

5. தவறாகப் பிடித்துவிட்டார்களா? முதலில் கம்பெனி

நேராக ஐஆர்எஸ்ஸுக்கு எழுதக் கூடாது. முதலில் கம்பெனியிடம் கேட்டாக வேண்டும், அதற்கு எழுத்தில் ஆதாரமும் வேண்டும். போனில் பேசினால்கூட, பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

ஹெச்ஆரிலிருந்து எனக்கு வந்த முதல் பதில் ஒரே வரி: இது எல்லாரும் கட்டும் வரி. இரண்டாவது பதில்: எங்கள் பேரோல் வெண்டாரைக் கேட்கிறோம். அதற்குப் பிறகு மூன்று வாரம் மௌனம். கடைசியில் நான் எழுதிய ஒரு வாக்கியம்தான் வேலை செய்தது. என்னிடம் பிடித்த அதே அளவு நீங்களும் கட்டியிருக்கிறீர்கள், திருத்தினால் உங்களுக்கும் திரும்ப வரும் என்றேன். அடுத்த நாள் ஃபைனான்ஸ் பிரிவிலிருந்தே ஒருவர் அழைத்தார். இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நடப்பு ஆண்டின் பிடித்தம் என்றால் வேலை சுலபம். டிசம்பர் முடிவதற்குள் பேரோலிலேயே திருப்பிப் போட்டுவிடலாம். 2024-இல் என்னிடம் பிடித்திருந்த மூன்று சம்பளத்துக்கான 706 டாலர் மார்ச் சம்பளத்தோடு வந்து சேர்ந்தது.

போன ஆண்டுக்கானது என்றால், கம்பெனி 941-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தை ஒவ்வொரு காலாண்டுக்கும் தனியாகத் தாக்கல் செய்து, உங்களுக்கு டபிள்யூ-2சி என்ற திருத்திய படிவம் தர வேண்டும். இந்தத் தொகையை நான் வேறு வழியில் கோரவில்லை, கோரவும் மாட்டேன் என்று உங்களிடம் ஒரு எழுத்துமூல உறுதி வாங்குவார்கள். தயங்காமல் கொடுங்கள், பிறகு அதை மீறி ஐஆர்எஸ்ஸிடம் நேராகத் திருப்பிக் கேட்கும் படிவம் 843 போடாதீர்கள். சின்னக் கம்பெனிகள் இந்த வேலைக்குப் பெரும்பாலும் கையை விரித்துவிடும். என்னுடையதும் விரித்தது. 2023-இன் 13 சம்பளங்களுக்கான 3,060 டாலர் நின்றுபோனது.

கையை விரித்தால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எவ்வளவு திருப்பிக் கொடுத்தோம், எவ்வளவு ஐஆர்எஸ்ஸிடம் கோரினோம், இரண்டும் பூஜ்யம் என்று கம்பெனி தலைப்புத் தாளில் இரண்டு வரி போதும். இதைக்கூடத் தர மறுப்பவர்கள் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது, கீழே வருகிறது.

6. படிவம் 843-ஐத் தபாலில் அனுப்புங்கள்

843 என்பது திருப்பிக் கேட்கும் படிவம். 8316 என்பது விசாவில் இருப்பவர்கள் ஃபைகாவைத் திருப்பிக் கேட்கும்போது அதோடு சேர்க்கும் தாள். கம்பெனி தரவில்லை என்று அதில்தான் சொல்கிறீர்கள். இரண்டும் ஐஆர்எஸ் தளத்தில் இலவசம். கட்டு இப்படி இருக்கட்டும்:

- கையெழுத்திட்ட படிவம் 843, ஆண்டுக்கு ஒன்று தனித்தனியாக
- கையெழுத்திட்ட படிவம் 8316
- அந்த ஆண்டின் டபிள்யூ-2 நகல்
- பாஸ்போர்ட்டில் விசா பக்கம், ஐ-94
- ஐ-20, ஜே-1 என்றால் டிஎஸ்-2019
- ஓபிடி என்றால் வேலை அனுமதி அட்டையின் இரு பக்கமும்
- கம்பெனியின் கடிதம். அது கிடைக்கவில்லை என்றால், ஏன் கிடைக்கவில்லை என்று நீங்களே எழுதிய விளக்கம்
- ஆண்டின் ஒரு பகுதிக்கு மட்டும் விலக்கு என்றால், அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டுகள் அத்தனையும்

கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அக்டோபரில் ஹெச்-1பிக்கு மாறியவரின் டபிள்யூ-2வில் ஆண்டு மொத்தம் மட்டும்தான் இருக்கும். செப்டம்பர்வரை எவ்வளவு, அதற்குப் பின் எவ்வளவு என்பதைச் சம்பளச் சீட்டுதான் காட்டும்.

விளக்கம் எழுதும் பகுதியில் கதை வேண்டாம். வந்த தேதி, ஸ்டேட்டஸ், எந்தெந்த ஆண்டுகள் விலக்கு, தவறாகப் பிடித்தது எவ்வளவு, கம்பெனியிடம் கேட்ட தேதிகள். அரைப் பக்கம் போதும். தொகை டபிள்யூ-2வின் 4-ஆம் கட்டத்தையும் 6-ஆம் கட்டத்தையும் கூட்டியதோடு சென்ட் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்.

நான் செய்த முட்டாள்தனம்: 843-இல் கையெழுத்துப் போட்டேன், 8316-இல் மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து முழுக் கட்டும் ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தது. இரண்டாம் முறை அனுப்பும் முன் மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, அறைத்தோழனை உட்காரவைத்து ஒவ்வொரு தாளாகப் படிக்கச் சொன்னேன்.

அனுப்ப வேண்டிய இடம் யூட்டா மாநிலம் ஆக்டனில் இருக்கும் ஐஆர்எஸ் மையம். முகவரியை அனுப்பும் அன்று படிவத்தின் வழிமுறைத் தாளில் பார்த்து எழுதுங்கள், யாரோ அனுப்பிய பழைய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து எழுதாதீர்கள். சர்ட்டிஃபைட் மெயிலில், சேர்ந்ததற்கான ரசீதோடு அனுப்ப ஏறக்குறைய பத்து டாலர் ஆகும். அந்தப் பச்சை நிற ரசீது அட்டை திரும்பி வந்தால் பத்திரமாக வையுங்கள். வரித்தாக்கலோடு ஒரே உறையில் போட்டு அனுப்பாதீர்கள், இரண்டும் வேறு வேறு பிரிவுக்குப் போகிறவை.

ஒரு வரி ஆலோசகர் இதைச் செய்துதர வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார். என் கணக்குக்கு ஆயிரம் டாலர்! நானே ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடித்தேன்.

காலக்கெடு மூன்று வருடம். சம்பளம் வாங்கிய ஆண்டுக்கு அடுத்த ஏப்ரல் 15-இலிருந்து எண்ண வேண்டும். 2023 சம்பளத்துக்கு 2027 ஏப்ரல் 15 கடைசி. அதற்குள் தபால் போயிருக்க வேண்டும். பணம் எப்போது வரும்? எனக்கு இரண்டாவது தபாலிலிருந்து ஏழு மாதம். வருமான வரி ரீஃபண்டைப் பார்க்கும் தளத்தில் இதன் நிலை தெரியாது, அங்கே போய்த் தினமும் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். நடுவில் வீடு மாறினால் 8822 படிவத்தில் முகவரி மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள். ஒரு நாள் செக் வந்தது, சின்ன வட்டியோடு.

7. வரித்தாக்கலில் இதைக் குழப்பாதீர்கள்

தவறாகப் பிடித்த ஃபைகாவை 1040-என்ஆர் என்ற நான்ரெசிடென்ட் வரித்தாக்கல் படிவத்தில் கேட்டு வாங்க முடியாது. இரண்டு கம்பெனியில் வேலை பார்த்து, சோஷியல் செக்யூரிட்டி உச்சவரம்புக்கு மேல் பிடித்திருந்தால் அந்த அதிகப்படியை வரித்தாக்கலில் கேட்கலாம். அது வேறு விஷயம். பெயர் ஒன்றாக இருப்பதால் மென்பொருளில் அந்தக் கட்டத்தைத் தேடிப்பிடித்து எண்ணைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான்ரெசிடென்ட் என்றால் படிவம் 1040-என்ஆர், அதோடு உங்கள் நாட்கள் ஏன் எண்ணப்படாது என்று சொல்லும் 8843. விளம்பரத்தில் பார்க்கும் பிரபல மென்பொருள்கள் பெரும்பாலும் சாதாரண 1040-ஐத்தான் தயாரிக்கும். அதில் தாக்கல் செய்துவிட்டு, பிறகு நான்ரெசிடென்ட் என்று சொல்லி ஃபைகாவைத் திருப்பிக் கேட்டால், ஒரே ஆள் ஒரே வருடத்தில் இரண்டு விதமாகச் சொன்னதாக ஆகும். 1040 போட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் திருத்தத் தாக்கல் செய்யுங்கள், அப்புறம் 843.

இந்திய மாணவர்களுக்கு இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவில் ஒரு சலுகை: நான்ரெசிடென்ட்டாக இருந்தாலும் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் எடுக்கலாம். 2025-க்கு அது தனி ஆளுக்கு 15,750 டாலர். மற்ற நாட்டு மாணவர்கள் பலருக்குக் கிடைக்காதது இது, விட்டுவிடாதீர்கள். சம்பளம் இருந்தால் ஏப்ரல் 15 கடைசி நாள். வருமானமே இல்லாத வருடத்திலும் 8843 மட்டும் ஜூன் 15-க்குள் போக வேண்டும்.

8. ஸ்டேட்டஸ் மாறும் நாளில் மறுபடி சொல்லுங்கள்

எனக்கு 2024 அக்டோபர் 1 முதல் ஹெச்-1பி. அன்றிலிருந்து ஃபைகா உண்டு. இமிகிரேஷன் வக்கீலுக்குத் தெரியும், ஹெச்ஆருக்குத் தெரியும், பேரோலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒருமுறை பட்டதால் எனக்கு அக்டோபர் சீட்டிலேயே தெரிந்தது. சொன்னேன். சரி, பார்க்கிறோம் என்றார்கள். டிசம்பர் நடுவில் பார்த்தார்கள்: ஐந்து சம்பளத்துக்கான பாக்கி 1,177 டாலரை ஒரே சீட்டில் எடுத்துவிட்டார்கள். பிடிக்காமல் விட்டதற்கு ஐஆர்எஸ்ஸிடம் பதில் சொல்ல வேண்டியது கம்பெனிதான், ஆனால் உங்கள் பங்கைப் பின்னால் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். விமான டிக்கெட் போட்டிருந்த மாதம் அது. உங்களுக்கு அப்படி ஆனால், இரண்டு மூன்று தவணையாக எடுக்க முடியுமா என்று முன்னாலேயே கேளுங்கள். அதுவரை பிடிக்காமல் வரும் பணத்தைச் செலவழிக்காமல் தனியாக வையுங்கள்.

இதில் ஒரு விசித்திரம்: அக்டோபர் 1-க்கு மாறினால் அந்த ஆண்டில் ஹெச்-1பி நாட்கள் 92 மட்டும். எஃப்-1 நாட்கள் எண்ணப்படாததால் 183 வராது. ஆகவே அந்த ஆண்டும் வருமான வரிக்கு நான்ரெசிடென்ட், படிவம் 1040-என்ஆர். ஆனாலும் அக்டோபரிலிருந்து ஃபைகா உண்டு, ஏனென்றால் ஹெச்-1பிக்கு ரெசிடென்ட், நான்ரெசிடென்ட் என்ற பேதமே இல்லை. நான்ரெசிடென்ட் என்றால் ஃபைகா இல்லை என்று மனப்பாடம் செய்துவைத்திருப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஐந்து ஆண்டு முடிந்து ஆறாவது ஜனவரி வரும்போதும், வேலை மாறும்போதும் இதே மின்னஞ்சலை மறுபடி அனுப்புங்கள். புதிய கம்பெனியின் பேரோலுக்கு உங்கள் பழைய கதை எதுவும் தெரியாது.

9. ஹெச்-1பிக்கு வந்தபின்

இனி பிடித்தம் நிரந்தரம். 2026-இல் சோஷியல் செக்யூரிட்டி 184,500 டாலர் சம்பளம்வரை. அதற்கு மேல் அந்த 6.2 நின்றுவிடும். மெடிகேருக்கு வரம்பு இல்லை. 200,000-ஐத் தாண்டிய சம்பளத்தில் இன்னொரு 0.9 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது இந்தப் பணத்தை பிஎஃப் போல எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். முடியாது. ஓய்வூதியத் தகுதிக்கு 40 கிரெடிட் வேண்டும், ஒரு வருடத்தில் அதிகபட்சம் 4 தான் சேரும், ஆகக் குறைந்தது பத்து வருட வேலை. ஹெச்-1பி ஃபைகாவை வாங்கித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால், அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடும் முன் ஒரு காரியம். கம்பெனி லாகின் போய்விட்டால் பேரோல் தளத்துக்குள் நுழைய முடியாமல் போகலாம். கடைசி நாளுக்கு முன்பே எல்லாச் சம்பளச் சீட்டையும், எல்லா வருடத்து டபிள்யூ-2வையும், பேரோலோடு நடந்த மின்னஞ்சல்களையும் உங்கள் சொந்தக் கணினியில் இறக்கி வைத்துவிடுங்கள். நிலுவையில் 843 இருந்தால், தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரியை ஹெச்ஆரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.